ஒற்றை ஆள் வீட்டுக் குப்பை

மகளுக்குப் பேறுகாலம் பார்க்க என் மனைவி பெங்களூருக்குப் புறப்பட்டபோது மூன்று மாதம் என்றுதான் பேச்சு. மூன்று மாதத்துக்கு வேண்டிய சேலைகளை மட்டும் எடுத்து வைத்தாள். சாம்பார்ப் பொடியையும் ரசப்பொடியையும் இரண்டு பெரிய பாட்டில்களில் நிரப்பி, எது எது என்று தாளில் எழுதி ஒட்டினாள். நான் சமைக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ஒட்டினாள்.

பேத்தி பிறந்தாள். மகளின் விடுப்பு முடிந்தது. மகளும் மருமகனும் வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது என்ற பேச்சு வந்தபோது, யாரும் யாரையும் கேட்காமலே என் மனைவி அங்கே இருப்பது என்று ஆகிவிட்டது. எனக்குத் தென்காசியில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க் வேலை. ஓய்வு பெற அப்போது மூன்று வருடம் இருந்தது. வேலையை விட்டுவிட்டு வா என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

யாரும் செத்துப்போகவில்லை. யாரோடும் சண்டையில்லை. அதனால் எனக்கு வந்ததை ஒரு கஷ்டம் என்று வெளியில் சொல்ல வழியில்லாமல் இருந்தது. "பேத்தியப் பாக்கப் போயிருக்காவளா, நல்ல விஷயம்லா" என்பார்கள். நல்ல விஷயம்தான். சாயங்காலம் கதவைத் திறக்கும்போது காலையில் நான் கழற்றிப் போட்ட துண்டு நாற்காலியில் அதே மடிப்போடு கிடக்கும். அவ்வளவுதான் கஷ்டம்.

சாப்பாட்டுக்கு ரத வீதி முக்கில் ஒரு மெஸ். உட்கார்ந்து சாப்பிட முதலில் கூச்சமாக இருந்தது. அங்கே வருகிற பாதிப்பேர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அப்பாக்கள். அதனால் பார்சல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். நாலு இட்லிக்கு ஒரு இலை, இலையைச் சுற்றித் தாள், சாம்பாருக்கு ஒரு கவர், தேங்காய்ச் சட்னிக்கு ஒன்று, காரச் சட்னிக்கு ஒன்று, எல்லாவற்றையும் போட்டுத் தர இன்னொரு கவர். காலையும் இரவும் இதுதான். சாப்பிட்டு முடித்ததும் எல்லாவற்றையும் அந்தப் பெரிய கவருக்குள்ளேயே திணித்து, இறுக முடிச்சுப் போட்டு வாசலில் வைப்பேன். முடிச்சைப் போட்டதோடு அது என் கணக்கில் முடிந்துவிடும்.

காலை ஆறரைக்கு விசில் சத்தம் கேட்கும். எங்கள் தெருவில் குப்பை எடுக்கிற அம்மாள் ஆய்க்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர். நாற்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் பச்சைக் கோட்டும் தலையில் துண்டுமாக வண்டியைத் தள்ளி வருவார். மனைவி இருந்த காலத்தில் அவர் முகத்தை நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. ஒருநாள் நான் கவரை நீட்டியபோது கேட்டார்.

"அண்ணாச்சி, மதினி ஊர்ல இல்லையோ?"

"ஆமா. மக வீட்டுக்குப் போயிருக்கா. யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? குப்பையைப் பாத்தா தெரியுது. முன்னால வெண்டைக்காய்க் காம்பு, முருங்கை ஈர்க்கு, பூக்கட்டுன நாரு எல்லாம் வரும். இப்பப் பூராவும் கடைக் கவருல்லா."

 அவர் கவரின் முடிச்சைப் பிரித்துக்கொண்டே, "ஒண்ணு சொன்னா கோவப்படப்பிடாது" என்றார். "உள்ள சாம்பாரு கெடந்து நொதிச்சுப் போவுது. இதை ஒண்ணொண்ணா நாங்கதான் கையால பிரிக்கோம். கழுவக்கூட வேண்டாம். கவுத்தி ஊத்திட்டாவது போடுங்க."

உள்ளே வந்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். சுற்றுச்சூழல் என்ற சொல்லெல்லாம் அன்று என் மனதில் இல்லை. பத்து விரலாலும் என் எச்சில் சாம்பாரை ஒருவர் தொட வேண்டியிருக்கிறதே என்பது ஒரு வெட்கம். அதைவிடப் பெரிய வெட்கம், நான் வீட்டுக்குள் ஒளித்து வைத்திருந்த தனிமை தினமும் காலையில் வாசலில் முடிச்சுப் போட்டு உட்கார்ந்திருந்தது என்பது.

மறுநாள் பரணிலிருந்து எங்கள் கல்யாணத்துக்கு வந்த டிபன் கேரியரை எடுத்துத் தேய்த்தேன். மெஸ்ஸில் பார்சல் கட்டுகிறவர் கேரியரைப் பார்த்ததும் கையிலிருந்த இலையைக் கீழே வைத்தார்.

"எந்த ஆஸ்பத்திரி அண்ணாச்சி?"

"எதுக்கு?"

"கேரியரோட வந்திருக்கியளே. யாருக்கு மேலுக்குச் சொகமில்லை?"

"யாருக்கும் ஒண்ணுமில்லை. எனக்குத்தான் நாலு இட்லி."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். இட்லியை அடுக்கி, சாம்பாரை ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினார். அந்தக் கூடுதல் கரண்டியைச் சாப்பிட எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த வாரம் மூன்று பேர் ஆஸ்பத்திரி பற்றிக் கேட்டார்கள். எங்கள் தலைமையாசிரியர் தனியாகக் கூப்பிட்டு, லீவு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொன்னார். உண்மையைச் சொன்னதும் அது ஆசிரியர் அறைக்குப் போய்விட்டது. கணக்கு வாத்தியார் நல்ல மனிதர், ஆனால் வாய் சும்மா இருக்காது. "சாரு ஒத்தைக் கேரியரை வச்சு ஒலகத்தைக் காப்பாத்தப் போறாவ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.  ஒரு கேரியரால் என்ன ஆகும் என்று யோசித்தால் ஒன்றும் ஆகாது என்றுதான் தோன்றும். ஆனாலும் மறுநாள் காலை கை தானாகக் கேரியரை எடுத்தது.

ஒன்றைத் தொட்டதும் அடுத்தது வந்தது. பால் பாக்கெட்டைக் கழுவித் துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தேன். சட்டைப் பையில் ஒரு மஞ்சள் பை எப்போதும் மடித்து இருக்கும். கடையில் கவர் எடுத்தால் "வேண்டாம்" என்று சொல்ல நான் பழகுவதற்குள் கடைக்காரர் பழகிவிட்டார். பிறகு, சோறாவது பொங்குவோம் என்று ஆரம்பித்து, ரசம் வைத்து, ஒரு துவையலும் அரைக்கிற அளவுக்கு வந்தேன். தாள் ஒட்டிய பாட்டில்களை அப்போதுதான் திறந்தேன். காய்த்தோல் சேர்ந்தது. அடியில் ஓட்டை போட்ட ஒரு மண்பானை வாங்கி மொட்டை மாடியில் வைத்து, உரமாகட்டும் என்று தோலையும் கொஞ்சம் மண்புழுவையும் போட்டு மேலே காய்ந்த இலையைத் தூவினேன். இலைக்குப் பள்ளிக்கூடத்து மைதானம். சனிக்கிழமை மத்தியானம் சாக்கோடு வாதாமரத்தடியில் குனிந்து நின்ற என்னை வாட்ச்மேன் சிறிது நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நான் நல்லவனாக ஆனதால் இதையெல்லாம் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு வீட்டில் ஒரே ஒரு ஆள் செய்ய எவ்வளவு குறைவான வேலை இருக்கிறது என்பது அப்படி இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு கவரை உள்ளும் புறமும் கழுவ இரண்டு நிமிடம். பருப்பு அலசிய தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு எடுத்துப்போக ஒரு நிமிடம். கொடியில் காய்ந்ததை எடுத்து மடிக்க ஐந்து நிமிடம். இப்படி எட்டு மணி வரை கொண்டுபோய்விடலாம். எட்டு மணிக்கு அவள் கூப்பிடுவாள்.

"சாப்பிட்டியளா?"

"ஆச்சு. நீ?"

"இனிமத்தான். மாத்திரை போட்டியளா?"

"போட்டாச்சு. புள்ள என்ன செய்யுதா?"

"தூங்குதா. சரி, வைக்கட்டா?"

இதற்கு மேல் ஒரு சொல் கூடியதில்லை. மண்பானையைப் பற்றி நான் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. குப்பையைப் பற்றி ட்ரங்க் கால் போட்டா பேசுவது என்ற பழைய கால நினைப்பு.

சாரல் ஆரம்பித்ததும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குற்றாலம் போக ஆரம்பித்தேன். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேருமாகத்தான் போவோம். நான் குளிக்கும்போது அவள் பையை வைத்திருப்பாள். அவள் குளிக்கும்போது நான். தனியாகப் போன முதல் நாள்தான் தெரிந்தது, அருவிக்குத் தனியாகப் போகவே முடியாது. போனையும் கண்ணாடியையும் மாற்று வேட்டியையும் எங்கே வைப்பது? ஐந்தருவியில் படிக்கட்டு ஓரமாகப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. சாரலிலேயே சட்டை நனைந்துவிட்டது.

கடையநல்லூரிலிருந்து வேன் பிடித்து வந்த ஒரு குடும்பம் பக்கத்தில் இருந்தது. மற்றவர்கள் அருவிக்குப் போய்விட, வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் மட்டும் நாலைந்து பைகளுக்கு நடுவில் முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இதைக் கொஞ்சம் பாத்துக்கிடுவியளா?" என்று கேட்டேன்.

"வச்சிட்டுப் போங்க. தனியாவா வந்திருக்கிய?"

"ஆமா."

"குத்தாலத்துக்குத் தனியா யாரு வருவா" என்றார். என்னைக் குத்திப் பேசவில்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

குளித்துவிட்டு வரும்போது காலில் ஷாம்பு பாக்கெட் ஒன்று ஒட்டிக்கொண்டது. சோப்பு, ஷாம்பு கூடாது என்று பெரிய போர்டு இருக்கிறது. போர்டுக்குக் கீழேயே ஓடையின் கம்பி வலையில் ஏழெட்டு பாக்கெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கிடந்தன. குனிந்து எடுத்தேன். ஒரு கை கொள்ளவில்லை. அருவியைக் காப்பாற்றுகிற எண்ணம் இருந்ததா என்றால், கொஞ்சம் இருந்தது. அதைவிட, உடனே பஸ் ஏறி வீட்டுக்குப் போக மனமில்லை.

பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பையை வாங்கும்போது, "இங்கன வேலை பாக்குதியளா?" என்றார்.

"இல்லை."

"பின்னே?"

"சும்மாத்தான்."

அவர் யோசித்தார். பிறகு தம் பைகளில் ஒன்றைத் திறந்து, பிள்ளைகள் தேய்த்துவிட்டுப் போட்ட இரண்டு காலிப் பாக்கெட்டுகளை எடுத்து நீட்டினார். "அப்போ இதையும் சேத்துப் போட்டுருங்க." நான் வாங்கிக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது வலையில் அதே அளவு இருந்தது. அதற்கு அடுத்த வாரமும்.

அடுத்த வருடம் ஐப்பசியில் மகளும் மருமகனும் முறைவைத்து விடுப்பு எடுத்து, என் மனைவியைப் பத்து நாளைக்கு அனுப்பிவைத்தார்கள். ரயிலடியில் அவளைப் பார்த்தபோது இளைத்திருந்தாள். வீட்டுக்கு வந்து அடுப்படி வாசலில் நின்றாள். குப்பை பிரிக்க நான் வைத்திருந்த மூன்று வாளிகளையும், சன்னல் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கிய பால் பாக்கெட்டுகளையும், வரிசையாக வைத்திருந்த பாட்டில்களையும் பார்த்தாள். வேறொருத்தர் வீட்டு அடுப்படிக்குள் நுழைகிறவளைப் போல, "காப்பித்தூள் எங்கன இருக்கு?" என்று கேட்டாள். முதல் மூன்று நாட்கள் இப்படியே கேட்டுக் கேட்டு எடுத்தாள். நானும் சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன். என் ஒழுங்கை அவள் மெச்சுவாள் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

நாலாம் நாள் காலையில் விசில் கேட்டதும் அவளே வாளியை எடுத்துக்கொண்டு போனாள். குப்பை எடுக்கிற அம்மாளுக்கு ரொம்பச் சந்தோஷம். "மதினி வந்துட்டியளா? அண்ணாச்சி வீட்டுக் குப்பைன்னா இப்ப நாங்க யோசிக்கவே வேண்டாம். பிரிச்சு, கழுவி, அப்படித் தருதாவ. தனியா இருந்து நல்லாப் பழகிட்டாவ" என்றார். மனைவி சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். அடுப்படிக்குள் வந்ததும் அந்தச் சிரிப்பு இல்லை.

எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்த தோலைப் பானைக்குப் போகிற வாளியில் போட்டாள்.

"அதைப் பானைக்குப் போடாத. புழு செத்துரும்" என்றேன்.

"பின்ன எங்கன போடணும்?"

"அந்த நீல வாளியில."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நல்லாப் பழகிட்டிய. என் வீட்டுல எலுமிச்சந்தோலு எங்கன போடணும்னு எனக்குச் சொல்லுத அளவுக்குப் பழகிட்டிய. நான் இல்லாம நல்லாத்தான் இருக்கு, இல்லையா?"

"நான் என்ன சொல்லிட்டேன் இப்ப? புழு செத்துரும்னுதான்."

"ஒண்ணும் சாவாது. அங்கன கீழ பெரிய தொட்டியில மொத்தக் குடித்தனத்துக்காரங்க தோலும் விழுது. அந்தப் புழுவெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"எந்தத் தொட்டி?"

அப்போதுதான் சொன்னாள். மகள் இருப்பது பத்தாவது மாடி. அங்கே மூன்று வாளி, மூன்று நிறம். காலை ஏழு மணிக்குள் பிரித்துக் கீழே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மாற்றிப் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மகளுக்கும் மருமகனுக்கும் காலையில் நேரம் கிடையாது. போன நாளிலிருந்து அது இவள் வேலை. "அங்கன எனக்கு யாரத் தெரியும்? பாஷை தெரியாது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தே நான் பாத்ததில்லை. கீழ குப்பை வாங்குத பொம்பளை ஒருத்தி. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குக் கன்னடம் தெரியாது. அவ கையக் காட்டுவா, நான் கையக் காட்டுவேன். ஒரு நாளைக்கு நான் வெளியாளுகூடப் பேசுதது அவ்வளவுதான்."

 "நீ சொல்லவே இல்லையே" என்றேன்.

"நீங்க சொன்னியளா இந்தப் பானையைப் பத்தி? சாப்பிட்டியளாம்பேன், ஆச்சும்பிய. வைக்கட்டாம்பேன், சரிம்பிய."

 அவள் அடுப்படியை விட்டுப் போகவில்லை. நான் பால் பாக்கெட்டை எடுத்து முனையை நறுக்கினேன். வெட்டிய துண்டு பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்து தண்ணீரோடு போயிற்று. தினமும் அப்படித்தான் போகும். அவள் கத்தரியை என் கையிலிருந்து வாங்கி, அடுத்த பாக்கெட்டில் முனையை முழுக்க வெட்டாமல் ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படி கீறிக் காட்டினாள். "துண்டு தனியாப் போனா அதை யாரும் பொறுக்க முடியாது. இதையும் அவதான் சொல்லிக்குடுத்தா. கையக் காட்டித்தான்." அவள் போன நாளிலிருந்து நான் நறுக்கிப் போட்ட அத்தனை முனைகளும் எந்தச் சாக்கடையில் கிடக்கின்றனவோ என்று நினைத்துக்கொண்டேன். நான் இங்கே வாசலில் விசிலுக்குக் காத்து நின்ற காலைகளில் அவளும் அங்கே வாளியோடு நின்றிருக்கிறாள் என்றும் நினைத்துக்கொண்டேன். 

ஒருநாள் குற்றாலம் போனோம். மழை கூடி வெள்ளம் வந்து, குளிக்கக் கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள். மெயின் அருவி செம்மண் நிறத்தில் பாலத்தைத் தொட்டுக்கொண்டு இரைந்தது. தூரத்தில் நின்று பார்த்தோம். இரைச்சலில் பேசுவது சரியாகக் கேட்காது. அந்தத் தைரியத்தில்தானோ என்னவோ, அவள் கேட்டாள்.

"ரிட்டயர் ஆயிட்டா அங்க வந்துருவியளா?"

"நீ இங்க வரமாட்டியா?"

  வெள்ளத்தில் ஒரு மரக்கிளை வந்து பாறையில் சிக்கிச் சுற்றியது. அது விடுபட்டுப் போகும்வரை பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் சூடாக வாழைக்காய் பஜ்ஜி வாங்கி இலையில் வைத்துச் சாப்பிட்டோம். பத்தாம் நாள் அவளை ரயிலேற்றிவிட்டேன்.

இப்போது ஓய்வு பெறப் பத்து மாதம் இருக்கிறது. எட்டு மணிக்கு அவள் கூப்பிடுகிறாள். சாப்பிட்டியளா என்பதற்குப் பிறகு இப்போது இரண்டொரு விஷயம் இருக்கிறது. கீழே குப்பை வாங்குகிற பெண் ஊருக்குப் போய்விட்டாள், வேறொருத்தி வந்திருக்கிறாள், இவள் சிரிக்கவே மாட்டேன் என்கிறாள் என்பாள். நான் கணக்கு வாத்தியாரும் இப்போது மீன் வாங்கத் தூக்குச்சட்டி கொண்டுபோகிறார் என்பேன். போனை வைத்ததும் வீடு முன்பு இருந்த மாதிரியேதான் ஆகிவிடுகிறது. ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும்.

போன வாரம் பானையை இறக்கிச் சலித்தேன். கறுப்பாக, பொலபொலவென்று ஒரு சாக்கு மண். என்னிடம் இருப்பது ஒரு கறிவேப்பிலைச் செடி. மிச்சம் வேண்டுமா என்று குப்பை எடுக்கிற அம்மாளிடம் கேட்டுப் பார்த்தேன். ஆய்க்குடியில் அவர் வீட்டுக் கூரையில் பீர்க்கங்கொடி ஏறியிருக்கிறதாம். சாக்கைத் தூக்கி வண்டியின் ஓரத்தில் வைத்துக்கொண்டார். இரவு அதை மனைவியிடம் சொன்னேன்.

"நல்ல காரியம்" என்றாள்.  வைக்கட்டா என்று கேட்பாள் என்று காத்திருந்தேன்.

"எனக்கு ஒரு கை எடுத்து வச்சிருக்கலாம்லா. பால்கனியில ஒரு தொட்டி காலியாக் கெடக்கு. இங்கன மண்ணுக்கு எங்க போக."

இரண்டு வருடத்துக்கு மேலாக அவள் பத்தாவது மாடியில் இருக்கிறாள். காலுக்குக் கீழே மண் இல்லாத இடத்தில் இருக்கிறாள் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.